மலை பதில்கள்: மகளை எரிமலைக்கு அனுப்பலாமா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் முதல் கடிதத்துக்கே பாதி இடம் போய்விட்டது. விட்டுப்போன கேள்விகளுக்கு அடுத்த மாதம் கண்டிப்பாகப் பதில் வரும்.

என் மகள் அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் ஜியாலஜி, அதாவது நிலவியல், படிக்கிறாள். செயின்ட் ஹெலன்ஸ் எரிமலையில் நடக்கும் ஒரு வார முகாமுக்கு அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. வெள்ளையர் அல்லாத மாணவர்களுக்காகவே நடத்தும் முகாமாம். அவள் அப்பாவுக்கு இரண்டு கவலை. எரிமலை வெடித்துவிட்டால் என்ன செய்வது என்பது ஒன்று. 'நாம ஏன் கறுப்பர்களோட பட்டியல்ல போய் உட்காரணும், தனி முகாம்னா தனிப் பந்தி மாதிரிதானே' என்பது இன்னொன்று. இதை வைத்து வீட்டில் நான்கு நாளாகப் பேச்சுவார்த்தை இல்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– ஒரு தாய், கோத்தகிரி

அனுப்புங்கள் அம்மா. உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

எரிமலைப் பயத்தை முதலில் முடித்துவிடலாம். செயின்ட் ஹெலன்ஸ் 1980 மே 18, ஞாயிற்றுக்கிழமை காலை 8.32 மணிக்கு வெடித்தது. சொல்லாமல் கொள்ளாமல் வெடிக்கவில்லை. மார்ச் மாதத்திலிருந்தே நிலம் அதிர்ந்துகொண்டிருந்தது, மலையின் வடக்குப் பக்கம் வயிறு உப்புவது மாதிரி ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 2 மீட்டர் வெளியே தள்ளிக்கொண்டு வந்தது. அன்றைக்கு வந்த நிலநடுக்கத்தில் அந்த உப்பிய பக்கம் மொத்தமாகச் சரிந்து விழ, உள்ளே அடைபட்டிருந்ததெல்லாம் மூடி தெறித்த குக்கர் மாதிரி பக்கவாட்டில் சீறியது. 2,950 மீட்டர் இருந்த மலை 2,549 மீட்டராகக் குறைந்துபோனது, 57 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் டேவிட் ஜான்ஸ்டன் என்ற 30 வயது நிலவியலாளர். மலையிலிருந்து 10 கிலோமீட்டர் தள்ளி ஒரு மேட்டில் கருவிகளோடு காவல் இருந்தவர். அந்த மேட்டுக்கு இன்று அவர் பெயர்தான். மக்களை முன்கூட்டியே வெளியேற்றி, பாதையை அடைத்து வைத்திருந்ததால்தான் சாவு அந்த அளவோடு நின்றது. அதற்கப்புறம் 1986 வரை அவ்வப்போது சின்னச் சின்ன வெடிப்புகள், 2004 முதல் 2008 வரை பள்ளத்துக்குள்ளேயே எரிமலைக் குழம்பு மெதுவாகப் பிதுங்கி வந்தது, அவ்வளவுதான். இன்று அந்த மலையில் கருவிகள் இரவும் பகலும் ஓடுகின்றன, கவனிப்பதற்கென்றே ஒரு அரசு ஆய்வகம் இருக்கிறது. மலை முனகினால்கூட அவர்களுக்குத் தெரிந்துவிடும், அந்த நேரத்தில் யாரும் முகாம் போட மாட்டார்கள்.

அங்கே அவள் என்ன பார்ப்பாள் என்று உங்களுக்குத் தெரிந்தால் நீங்களே கூடக் கிளம்பிவிடுவீர்கள். கையில் எடுத்தால் பஞ்சு மாதிரி கனமே இல்லாத கல் கிடைக்கும், வாளித் தண்ணீரில் போட்டால் மிதக்கும். குழம்பு நுரைத்துக்கொண்டு வெளியே வந்து அப்படியே இறுகிய கல் அது, உள்ளே முழுக்கக் காற்றுக் குமிழி. மலையின் தெற்குப் பக்கம் ஒரு குகை இருக்கிறது, கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர் நீளம். சுமார் 2,000 வருடத்துக்கு முன்னால் ஓடிய குழம்பு மேலே ஓடுகட்டிக்கொள்ள, உள்ளே இருந்தது வழிந்து போய்விட்டது, மிஞ்சியது குழாய். கோடையிலும் உள்ளே ஸ்வெட்டர் வேண்டும். ஸ்பிரிட் லேக் என்ற ஏரியில் அன்றைக்கு வேரோடு சாய்ந்த மரங்கள் இன்னமும் மிதந்துகொண்டிருக்கின்றன, காற்றடிக்கும் பக்கமெல்லாம் கூட்டமாக நகர்கின்றன. பாடப் புத்தகத்தில் இரண்டு வரியில் வரும் விஷயத்தை அவள் காலால் மிதித்துத் தெரிந்துகொள்ளப் போகிறாள்.

இப்போது அப்பாவின் இரண்டாவது கவலை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. 'தனி' என்ற வார்த்தையைக் கேட்டால் நமக்கு நினைவுக்கு வருவது தனிக் குவளை, தனிப் பந்தி, தனிக் கிணறு. அந்த நினைவு சரியான நினைவுதான், மறக்கவும் கூடாது. ஆனால் தனிப் பந்தியில் நடந்தது என்ன? உள்ளே சாப்பிடுகிறவர்கள் வெளியே இருப்பவர்களை வராதே என்று தள்ளினார்கள். இங்கே இத்தனை காலம் வெளியே நின்றவர்கள் ஒரு வாரம் ஒன்றாக உட்கார்ந்து, யாரும் தங்களை ஏற இறங்கப் பார்க்காத இடத்தில் தொழில் கற்றுக்கொள்கிறார்கள். முகாம் முடிந்ததும் எல்லாரோடும் அதே வகுப்பில்தான் போய் உட்காரப் போகிறார்கள். நம் ஊரில் ஆதிதிராவிடர் மாணவர் விடுதி இல்லாமல் எத்தனை பேர் கல்லூரி முடித்திருக்க முடியும் என்று அவரையே கேளுங்கள்.

அமெரிக்காவில் நிலவியல் படிப்பு எப்படி இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரிய வேண்டும். அங்கே அறிவியல் துறைகளிலேயே வெள்ளையர் அல்லாதவர்கள் மிகக் குறைவாக இருக்கும் துறைகளில் இதுவும் ஒன்று. புவி அறிவியலில் முனைவர் பட்டம் வாங்கியவர்களின் கணக்கை எடுத்துப் பார்த்து, 40 வருடமாக இதில் முன்னேற்றமே இல்லை என்று 2018-ல் நேச்சர் ஜியோசயன்ஸ் இதழில் இரண்டு பெண் ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஏன் அப்படி? ஜியாலஜியைப் பெஞ்சில் உட்கார்ந்து முடிக்க முடியாது. பல கல்லூரிகளில் பட்டம் வாங்கவே பல வாரம் களத்தில் கூடாரம் போட்டுத் தங்கியாக வேண்டும், அதற்கு ஆயிரக்கணக்கில் டாலர் செலவாகும், அந்த வாரங்களில் பகுதிநேர வேலைக்கும் போக முடியாது. சின்ன வயதிலிருந்தே அப்பா அம்மாவோடு காடு மலை என்று கூடாரம் போட்டுப் பழகிய பிள்ளைகளுக்கு அது விடுமுறை மாதிரி. மற்றவர்களுக்குப் பூட்ஸ் வாங்குவதிலிருந்தே தயக்கம்தான்.

இன்னொரு பயமும் உண்டு. 2020 மே மாதம் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் பறவை பார்த்துக்கொண்டிருந்த ஒரு கறுப்பினத்தவர், நாயைக் கயிற்றில் கட்டுங்கள் என்று ஒரு பெண்ணிடம் கேட்டார். அந்தப் பெண் உடனே போலீசுக்குப் போன் போட்டு, ஒரு கறுப்பர் என்னை மிரட்டுகிறார் என்று சொன்னார். ஊருக்கு நடுவில் இருக்கும் பூங்காவிலேயே இந்த நிலை. ஆள் நடமாட்டமில்லாத மலைப்பாதையில் கையில் சுத்தியலோடு, முதுகில் கல் மூட்டையோடு, யாருடைய வேலியோரமாவது நடக்க வேண்டிய தொழில் இது. உங்கள் மகளின் நிறமும் அங்கே அந்தக் கண்ணுக்குத் தனியாகத்தான் தெரியும்.

ஆக, 'கறுப்பர்களோட பட்டியல்' என்ற பேச்சு. அங்கே வெள்ளையர் அல்லாத எல்லாரையும் சேர்த்து 'நிறமுள்ள மக்கள்' என்ற பொருளில் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். கறுப்பினத்தவர், அந்த மண்ணின் பூர்வகுடிகள், லத்தீன் அமெரிக்கர், ஆசியர் எல்லாரும் அதில் வருவார்கள், நாமும் வருவோம். அந்த வரிசையில் உட்காருவதில் என்ன குறைவு? இதை நான் கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்கிறேன். நம் வீடுகளில் பெண் பிள்ளையிடம் தினமும் சொல்கிற வார்த்தை, 'வெயில்ல நிக்காத, கறுத்துப் போயிடுவ.' நான் ஜியாலஜியில் சேர்ந்தபோது என் பாட்டி அழுததே அதற்காகத்தான். 30 வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். நிறம் போய்விடும், மாப்பிள்ளை கிடைக்காது என்ற ஒரே பேச்சினால் களத்துக்கு வராமல் நின்று, அப்புறம் துறையையே விட்டுப்போன நல்ல மாணவிகளை எண்ண ஆரம்பித்தால் எனக்குத் தூக்கம் வராது. தன்னைப் போலவே வெயிலுக்கும் பார்வைக்கும் பழகிய பத்துப் பெண்களோடு உங்கள் மகள் ஒரு வாரம் இருக்கட்டும், அது அவளுக்குப் பெரிய பலம்.

ஒரு விஷயத்தை அவளிடம் சொல்லி அனுப்புங்கள். அந்த மலைக்கு ஆங்கிலப் பெயர் வருவதற்கு ரொம்ப காலம் முன்பே கௌலிட்ஸ் மக்கள் அதற்கு லாவெட்லாட்லா என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர்களுக்கு அது புனித மலை. 2013-ல் அமெரிக்க அரசே அதை அந்த மக்களின் பண்பாட்டு இடம் என்று தன் வரலாற்றுப் பதிவேட்டில் சேர்த்தது. உங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் தெரியும் ரங்கசாமி மலையும் அப்படித்தானே? இருளர்களும் படகர்களும் கும்பிட்ட மலை. முகாமில் யாராவது உன் ஊரைப் பற்றிச் சொல் என்று கேட்டால் அவள் இதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

அப்பாவிடம் இந்தப் பக்கத்தை அப்படியே நீட்டுங்கள். அதற்கப்புறமும் பேசவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள், நானே போனில் பேசுகிறேன்.

நம் நாட்டில் உயிருள்ள எரிமலை எங்கே இருக்கிறது? போய்ப் பார்க்க முடியுமா?
– ஒரு வாசகர், குந்தா

அந்தமானில், பாரன் தீவு (Barren Island). போர்ட் பிளேரிலிருந்து (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) வடகிழக்கே சுமார் 140 கிலோமீட்டர். 1787-ல் வெடித்ததைக் கப்பலிலிருந்து பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள். அப்புறம் பல காலம் அடங்கியிருந்து 1991-ல் மறுபடி எழுந்தது, அதற்குப் பிறகும் விட்டுவிட்டுப் புகைகிறது. மனிதர்கள் குடியில்லாத தீவு. தூரத்திலிருந்து படகில் பார்ப்பதோடு திருப்திப்பட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஊட்டி ஏரி பழைய எரிமலையின் வாய் என்று எங்கள் ஸ்கூல் வேன் டிரைவர் அண்ணா சொன்னார். நீலகிரியே அணைந்துபோன எரிமலையா?
– ஒன்பதாம் வகுப்பு மாணவன், குன்னூர்

இல்லை தம்பி. ஊட்டி ஏரி மனிதர் வெட்டியது. 1820-களில் கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் ஓடையை மறித்துக் கட்டிய ஏரி. நீலகிரி எரிமலையும் இல்லை. ஆனால் உன் டிரைவர் அண்ணா நெருப்பை நினைத்தது ஒரு வகையில் சரிதான், இந்தக் கல் பார்த்த சூடு கொஞ்சநஞ்சமில்லை.

ஒரு வேலை செய். ரோடு அகலப்படுத்த ஜேசிபி வைத்துப் புதிதாக உடைத்த இடத்தில், வண்டி வராத நேரமாகப் பார்த்து, அப்பாவோடு போய் ஒரு சில்லை எடு. மேலே காய்ந்த பக்கம் சாம்பல் நிறமாக, சாதாரணமாக இருக்கும். உடைந்த பக்கத்தைத் திருப்பு. கருநீலத்தில் ஒரு பச்சை ஓடும், எண்ணெய் தடவினது மாதிரி மினுக்கும். கொஞ்சம் நனைத்து வெயிலில் சாய்த்துப் பிடித்தால் அங்கங்கே சிவப்புப் புள்ளி தெரியும், மாதுளை முத்து நசுங்கிக் கிடப்பது போல. அது கார்னெட். அந்தக் கல்லுக்குப் பெயர் சார்னோகைட்.

அந்தப் பெயர் வந்த கதை நம் ஊர்க் கதைதான். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கம்பெனிக்காரரின் கல்லறை இருக்கிறது. அதன் மேல் கிடத்திய பலகைக்கல் வங்காளத்துக் கல் இல்லை, சென்னைப் பக்கம் பல்லாவரம், பரங்கிமலைக் கல் என்று 1893-ல் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் கண்டுபிடித்தார். அவர் வைத்த பெயர்தான் உலகம் முழுக்க நின்றுவிட்டது. நார்வேயிலும் அண்டார்க்டிகாவிலும் இந்த வகைக் கல்லை எடுத்தால் இந்தப் பெயரைத்தான் எழுதுவார்கள்.

நீலகிரியின் சார்னோகைட்டுக்கு வயது சுமார் 250 கோடி வருடம். பூமிக்குள்ளே 20, 25 கிலோமீட்டருக்கும் கீழே, 700 டிகிரிக்கு மேல் சூட்டில் வெந்து உருவான கல். அதற்கு மேலே இருந்ததெல்லாம் கோடிக்கணக்கான வருடத்தில் தேய்ந்து போக, கீழே இருந்தது மேலே வந்து, இன்று 2,637 மீட்டர் உயரத்தில் தொட்டபெட்டாவாக நிற்கிறது. எரிமலை என்றால் குழம்பு மேலே வந்து சீக்கிரம் ஆறும். இங்கே ஆழத்திலேயே இருந்து, மெதுவாக வெந்து, மெதுவாக ஏறி வந்திருக்கிறது. டிரைவர் அண்ணாவிடம் அந்தச் சில்லைக் காட்டி நீயே சொல்லு.

நான் ப்ளஸ் டூ படிக்கிறேன். அப்பா அம்மா தேயிலைத் தோட்டத்தில் வேலை. தாத்தா காலத்தில் இலங்கையிலிருந்து வந்தவர்கள். எனக்கு ஜியாலஜி படிக்க ஆசை. பொம்பளப் பிள்ளை கல்லு மலைன்னு சுத்தறதா என்று மாமா சொல்கிறார். வேலை கிடைக்குமா, பெண்களால் முடியுமா?
– ஒரு மாணவி, கூடலூர்

முடியும் பாப்பா. 1983-ல் அண்டார்க்டிகாவுக்குப் போன முதல் இரண்டு இந்தியப் பெண்களில் ஒருவர் சுதீப்தா சென்குப்தா. அவர் படித்தது ஜியாலஜி, மலையேற்றமும் முறையாகக் கற்றவர். அந்தப் பனிக்கு நடுவில் கல்லைத் தட்டி ஆராய்ந்துவிட்டு வந்தார். மாமாவிடம் இதைச் சொல்.

ஆனால் வழி அடைத்தே கிடந்தது என்பதையும் உன்னிடம் மறைக்க மாட்டேன். 1952-ம் வருடத்துச் சுரங்கச் சட்டப்படி பெண்கள் நிலத்தடிச் சுரங்கத்தில் வேலை செய்யக் கூடாது என்றிருந்தது. 2019-ல்தான் பொறியாளர், மேற்பார்வையாளர் மாதிரியான வேலைகளுக்குப் பகல் நேரத்தில் கீழே இறங்க அனுமதி வந்தது. நான் படித்த காலத்தில் சேலத்து வெள்ளைக்கல் சுரங்கத்துக்குக் களப்பயணம் போனோம். பையன்கள் எல்லாரும் குழிக்குள்ளே இறங்கினார்கள். எங்கள் ஐந்து பெண்களை மட்டும் பஸ்ஸிலேயே உட்கார வைத்து, அவர்கள் கொண்டுவரும் கல்லுக்குச் சீட்டு ஒட்டச் சொன்னார் கூட வந்த பேராசிரியர். கறுப்புப் பாறைக்குள் வெள்ளை நரம்பு கிளைவிட்டு ஓடுகிற அழகை நான் என் கண்ணால் பார்த்தது அதற்குப் பத்து வருடம் கழித்து, என் மாணவிகளைக் கூட்டிக்கொண்டு போனபோதுதான். அன்றைக்கு அந்தக் குழிக்குள் முதலில் இறங்கியவர்கள் பெண்கள். மேலே சொன்ன எரிமலை முகாம் பற்றி எனக்கு ஏன் இவ்வளவு பேச வேண்டியிருக்கிறது என்று உனக்கு இப்போது புரியும்.

சரி, படிப்புக்கு வருவோம். சென்னை மாநிலக் கல்லூரி, திருச்சி நேஷனல் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி இங்கெல்லாம் ஜியாலஜி உண்டு, மேல்படிப்புக்கு சேலம் பெரியார் பல்கலைக்கழகம், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நீ ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், பள்ளியிலேயே விவரம் கேள். எம்.எஸ்சி. முடித்தால் யு.பி.எஸ்.சி. நடத்தும் ஜியோ சயன்டிஸ்ட் தேர்வு எழுதலாம். 1851-ல் ஆரம்பித்த இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கு அதன் வழியாகத்தான் ஆள் எடுக்கிறார்கள். நிலத்தடி நீர் வாரியத்துக்கும் அதே தேர்வு. விண்ணப்பத்தில் ஜியாக்ரஃபி, ஜியாலஜி இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே, இரண்டும் வேறு படிப்பு. வருடா வருடம் இதில் யாராவது ஒரு பிள்ளை ஏமாந்துவிடுகிறது.

உன் ஊரைப் பற்றி ஒன்று. தேவாலா, பந்தலூர் பக்கம் 1880-ஐ ஒட்டி லண்டனில் கம்பெனி கம்பெனியாகத் தொடங்கி, தங்கம் கொட்டப்போகிறது என்று பங்கு விற்றார்கள். எந்திரம் கொண்டுவந்து மலையைக் குடைந்தார்கள். போட்ட பணத்துக்குத் தங்கம் கிடைக்கவில்லை, ஓரிரு வருடத்தில் எல்லாரும் மூட்டை கட்டினார்கள். வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன்பே அங்கே ஆற்று மணலையும் ஓடை மண்ணையும் அலசித் தங்கத் தூள் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் பழங்குடி மக்கள். எந்த ஓடை வளைவில் கனமான துகள் தங்கும், எந்த வெள்ளைக் கல் நரம்புக்குக் கீழே அலசினால் கிடைக்கும் என்று கண்டுவைத்திருந்தார்களே, அது ஜியாலஜி இல்லாமல் வேறென்ன? அவர்கள் பெயர் எந்த அறிக்கையிலும் ஆசிரியர் இடத்தில் இல்லை. தோட்டத்து லைன் வீட்டிலிருந்து நீ வந்து அந்த இடத்தில் உன் பெயரை எழுதினால் நான் உயிரோடு இருந்து படிக்க ஆசைப்படுகிறேன்.

கொடைக்கானல் தூண் பாறையும் நீலகிரிக் கல்லும் ஒரே கல்லா?
– ஒரு வாசகி, பண்ணைக்காடு

ஒரே குடும்பம். பழனி மலையிலும் பெரும்பாலும் சார்னோகைட்தான். தூண் பாறை சுமார் 120 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக நிற்பதற்குக் காரணம் அந்தக் கல்லில் மேலிருந்து கீழாக ஓடும் நீண்ட வெடிப்புகள். தண்ணீர் அந்த வெடிப்புகளில் இறங்கி அரித்து, இடையில் இருந்ததைக் கரைத்துத் தள்ளிவிட, மிஞ்சியது தூண். பனி விலகுகிற அரை நிமிடத்தில் பாருங்கள், அந்தக் கோடுகள் கத்தியால் கீறினது மாதிரி நேராக இறங்கும்.

எனக்குப் போலியோவில் கால் பாதிப்பு, கைத்தடியோடுதான் நடப்பேன், அதிக தூரம் முடியாது. கல் பார்ப்பதில் சின்ன வயதிலிருந்தே ஆசை. எல்லாரையும் சேர்த்துக்கொள்ளும் முகாம் என்கிறார்களே, என்னைப் போன்றவர்களுக்கு அதில் இடம் உண்டா?
– ஒரு வாசகர், அருவங்காடு

உண்டு சார், இருந்தே ஆக வேண்டும். நடக்க முடியாதவர்கள், பார்வை இல்லாதவர்கள், காது கேளாதவர்கள் நிலவியல் களத்துக்கு வர வழி செய்வதற்கென்றே ஒரு சர்வதேச அமைப்பு 2008-லிருந்து வேலை செய்கிறது. அவர்கள் களப்பயணத்துக்கு வாகனம் போய் நிற்கக்கூடிய பாறைமுகங்களாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஏற முடிந்தவர்கள் மேலேறிப் போனால், கீழே இருப்பவர்கள் கேமரா வழியாக நேரலையில் பார்த்து, 'அதோ அந்த மடிப்புக்குப் பக்கத்தில் தட்டு' என்று சொல்லி வேலை வாங்குகிறார்கள். மலை ஏறுகிற பலத்துக்கும் பாறையைப் படிக்கிற மூளைக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் ரொம்ப காலமாக ஏறத் தெரிந்தவனே நிலவியலாளன் என்று ஒரு வீறாப்பு எங்கள் துறையில் இருந்தது. அதனால் நாங்கள் நல்ல கண்களை இழந்தோம்.

உங்களுக்கு நம் மலையிலேயே ஒரு வகுப்பறை இருக்கிறது, உட்கார்ந்த இடத்திலேயே போகலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் மலை ரயில். 1899-ல் குன்னூர் வரையும் 1908-ல் ஊட்டி வரையும் வந்த பாதை. 326 மீட்டரில் கிளம்பி 2,203 மீட்டருக்கு ஏறுகிறது, அதற்காக மலையை வெட்டிய ஒவ்வொரு வெட்டும் ஜன்னலுக்குக் கை எட்டும் தூரத்தில் வரும். கல்லாறு தாண்டிப் பல்சக்கரப் பாதை ஆரம்பித்ததும் வேகம் குறைந்துவிடும், நிதானமாகப் பார்க்கலாம். ஹில்குரோவில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது பாறையை நன்றாகக் கவனியுங்கள், பட்டை பட்டையாகக் கருமையும் வெளுப்பும் மாறி மாறி வரும். இன்னும் மேலே போகப் போக, மண் வெட்டுகளில் வெங்காயம் மாதிரி தோல் தோலாக உரியும் உருண்டைகள் தெரியும். பாறை மட்கி மண்ணாகிறது, நடுவில் மட்டும் உருண்டை மிஞ்சி நிற்கிறது. ஒரு நோட்டில் ஸ்டேஷன் பெயரையும் பார்த்ததையும் குறித்து எனக்கு அனுப்புங்கள், இந்தப் பக்கத்திலேயே போடுகிறேன்.

எங்கள் அரசுப் பள்ளியில் இருளர், கோத்தர் பிள்ளைகளும் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அவர்களுக்கு இரண்டு நாள் கல் முகாம் நடத்த ஆசை. எரிமலைக்குப் போக வசதியில்லை. எங்கே கூட்டிப்போகலாம், என்ன காட்டலாம்?
– ஓர் ஆசிரியை, கோத்தகிரி

டீச்சர், உங்கள் கடிதம் வந்த அன்றைக்கு வேறு கடிதமே பிரிக்கவில்லை.

முதல் நாள் கோடநாடு காட்சிமுனை. கீழே மோயாறு பள்ளத்தாக்கு, எதிரே ரங்கசாமி தூண். அந்தப் பள்ளம் ஆறு தோண்டியது மட்டும் இல்லை. பூமி ஓட்டின் இரண்டு பெரிய பாளங்கள் ஒன்றையொன்று உரசி நசுங்கிய கோடு அங்கே ஓடுகிறது, நசுங்கிப் பலவீனமான அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஆறு இறங்கியது. பிள்ளைகளை இரண்டு நோட்டுப் புத்தகங்களை அழுத்தித் தேய்க்கச் சொல்லிக் காட்டுங்கள், புரிந்துவிடும். வனத்துறைக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள், காட்டுக்குள்ளே சுத்தியல் வேண்டாம், கல்லும் எடுக்க வேண்டாம். ரோட்டோரம் விழுந்து கிடக்கும் சில்லே போதும். பத்து மடங்கு காட்டும் லென்ஸ் நாலு பிள்ளைக்கு ஒன்று வாங்குங்கள், அதைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு கல்லை நெருக்கிக் கொண்டுவரக் கற்றுக்கொடுங்கள், எல்லாரும் தலைகீழாகத்தான் செய்வார்கள்.

இரண்டாம் நாள் மண்சரிவு. இதற்கு ஒரு முழு நாள் கொடுங்கள் டீச்சர், கெஞ்சிக் கேட்கிறேன். இந்த மாவட்டத்தில் எரிமலை வராது, மண்சரிவு வரும். 1993 நவம்பரில் மரப்பாலத்தில் ரோடும் ரயில் பாதையும் அடித்துக்கொண்டு போனது. 2009 நவம்பரில் ஒரே மழையில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள், அதில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளும் உண்டு. சரிவு வரும் முன் நிலம் சில அறிகுறி காட்டும், அதை இந்தப் பிள்ளைகள் படித்தே ஆக வேண்டும். சரிவில் நிற்கிற மரமும் மின்கம்பமும் கீழ்ப்பக்கமாகச் சாய்வது, மேட்டின் மேல் பிறை வடிவில் வெடிப்பு விழுவது, கதவு திடீரென்று சாத்த வராமல் போவது, தெளிந்து வந்த ஊற்று கலங்கி வருவது, வழக்கமில்லாத இடத்தில் தண்ணீர் கசிவது. மேலே சிவப்பு மண், கீழே வழுவழுப்பான பாறை, நடுவில் மழைத் தண்ணீர், இவ்வளவுதான் அதன் வேலை. அடிமேட்டைக் கட்டடத்துக்காக வெட்டிவிட்டால் மேலே இருப்பதைத் தாங்க எதுவும் இல்லை.

இதைச் சொல்லிக்கொடுக்க என்னை மட்டும் கூப்பிடாதீர்கள். பல வருடம் முன்பு கோத்தகிரிக்குக் கீழே ஓர் இருளர் கிராமத்துக்கு மாணவர்களோடு போயிருந்தேன். கிளினோமீட்டரை வைத்துச் சரிவின் கோணம் எடுத்துக்கொண்டிருந்தோம். ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பாட்டி நின்று பார்த்துவிட்டு, 'அந்த ஊத்து கலங்கினா நாங்க இந்தப் பக்கம் ஆட்ட விடமாட்டோம், மேல இருந்து மண்ணு வரும்' என்றார். கையை நீட்டிக் காட்டிய இடத்தில் புல் மூடிய ஒரு பழைய சரிவின் வடு இருந்தது. நாங்கள் காலையிலிருந்து அதன் மேலேயே நின்றுகொண்டிருந்தோம், ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த மாதிரிப் பாட்டியை உங்கள் பிள்ளைகளில் யாருக்காவது தெரியும், அவரை நாற்காலி போட்டு உட்கார வைத்து முதல் வகுப்பை எடுக்கச் சொல்லுங்கள். கோத்தர் வீடுகளில் பானை வனைகிற அம்மாமார்களையும் கூப்பிடுங்கள். எந்த மண் சுட்டால் வெடிக்கும், எது நிற்கும் என்று அவர்கள் விரலில் தேய்த்தே சொல்வார்கள். தன் பாட்டி பேசுவதை வாத்தியார் நோட்டில் எழுதிக்கொள்கிறார் என்று அந்தப் பிள்ளை பார்க்கட்டும்.

மழை முடிந்து ஜனவரி கடைசி வாரம் வையுங்கள். காலையில் உறைபனி இருக்கும், 9 மணிக்கு முன் கிளம்ப வேண்டாம், எல்லாருக்கும் குல்லா இருக்கிறதா என்று முந்தின நாளே பார்த்துவிடுங்கள். லென்ஸ் என்னிடம் ஆறு இருக்கிறது, கொண்டு வருகிறேன். தேதி மட்டும் எழுதுங்கள்.